ஒரே சொல்லால் நின்றிருக்க வேண்டிய சுழல்

"என் கணினியில் சரியாகத்தானே இயங்குகிறது" என்ற ஒற்றை வரியோடு அந்தப் பிழை அறிக்கையை நேற்று மூன்றாம் முறையாக மூடிவிட்டார்கள். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிகளில் எங்கள் சிறு நிரல்மொழியைக் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், எதை அழுத்தினால் என்ன நேர்கிறது என்று படிப்படியாக எழுதி அனுப்பிய அறிக்கை அது. உள்ளீடு முடிந்தது என்று சொல்லும் கண்ட்ரோல் டி விசையை அழுத்தினால், அந்த மொழியை வரி வரியாக இயக்கும் இன்டர்பிரட்டர் வெளியேற வேண்டும். அவருடைய வகுப்பில் அது வெளியேறாமல், பிழைச்செய்தியையும், அடுத்த வரியைக் கேட்கும் ப்ராம்ப்டையும் மாறி மாறித் திரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. மூடிய மூவரில் ஒருவர்கூட ஒரு ராஸ்பெரி பையில் அதை ஓட்டிப் பார்க்கவில்லை.

நான் ஓட்டிப் பார்த்தேன். கண்ட்ரோல் டி அழுத்திய கணமே திரை ஓடத் தொடங்கியது. கண்ட்ரோல் சி அழுத்தினேன். எங்கள் இன்டர்பிரட்டர் அதை "இந்த வரியை மட்டும் கைவிடு" என்று புரிந்துகொண்டு, புதிய ப்ராம்ப்டைக் காட்டிவிட்டு மறுபடியும் ஓடியது. வேறொரு டெர்மினலைத் திறந்து, அங்கிருந்துதான் அதைக் கொல்ல முடிந்தது. பிறகு நிரல் வரிகளைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பாகுபடுத்தியைச் சந்தேகித்தேன், சிக்னல் கையாளும் பகுதியைச் சந்தேகித்தேன், நள்ளிரவு தாண்டும் வரை ஒவ்வொரு செயற்கூறாகத் தோண்டினேன். கடைசியில் அகப்பட்டது, உள்ளீட்டை வாசிக்கும் வரிக்கு மேலே இருந்த ஒரு மாறி அறிவிப்பு. உள்ளீட்டிலிருந்து ஓர் எழுத்தை வாசிக்கும் சி மொழிச் செயற்கூறான கெட்சார் திருப்பித் தரும் மதிப்பை, முழு எண்களுக்கான 'இன்ட்' வகை மாறியில் வாங்காமல், ஒரே ஒரு பைட் கொள்ளும் 'சார்' வகை மாறியில் வாங்கியிருந்தார்கள்!

கெட்சார் 0 முதல் 255 வரையிலான ஒரு பைட்டைத் தரும். உள்ளீடு தீர்ந்துவிட்டால் ஈஓஎஃப் என்ற முடிவுக்குறியை, அதாவது -1 ஐ, தரும். அதைக் கண்டால்தான் வாசிக்கும் சுழல் நிற்கும். 'சார்' குறியுள்ளதா (எதிர்ம எண்களையும் ஏற்குமா) குறியற்றதா என்பதை சி மொழியின் தரவரையறை, நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரின் முடிவுக்கே விட்டிருக்கிறது. இன்டெல் கணினிகளில் அது குறியுள்ளது என்பதால் -1 அப்படியே -1 ஆக நிற்கிறது. ராஸ்பெரி பையில் இருப்பது போன்ற ஏஆர்எம் செயலிகளில் ஓடும் லினக்ஸில் அது குறியற்றது. அங்கே -1 போய் 255 ஆகிவிடுகிறது, 255 எந்தக் காலத்திலும் -1 க்குச் சமமாகாது. ஆகவே உள்ளீட்டைச் சேர்த்துவைக்கும் 1024 பைட் இடையகம் முழுவதும் 255 ஆகவே நிரம்பி, "அறியாத எழுத்து" என்று பிழை வந்து, மீண்டும் ப்ராம்ப்ட் தோன்றி, மீண்டும் நிரம்புகிறது.

"முன்பு இப்படி இல்லை, இயங்குதளத்தைப் புதுப்பித்ததுதான் காரணம்" என்றும் ஒருவர் அந்த அறிக்கையில் எழுதியிருந்தார். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில், 2018-இல் வந்த 2.28 பதிப்பு முதல், ஒருமுறை ஈஓஎஃப் வந்துவிட்டால் அடுத்தடுத்த வாசிப்புகளுக்கும் அதுவே கிடைக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில், டெர்மினலில் கண்ட்ரோல் டி அழுத்தினால் ஒரே ஒரு 255 உள்ளே நுழையும், பிறகு நிரல் அடுத்த விசைக்காகக் காத்திருக்கும். அப்போதும் வெளியேறவில்லை, சுழலாததால் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நம்முடைய தவற்றை நூலகத்தின் தலையில் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் அந்த மாற்றக் குறிப்பைப் படித்திருக்கலாம்.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. ஜிசிசி கம்பைலரில் கூடுதல் எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால், ஏஆர்எம் கணினியில் தொகுக்கும்போது வாசித்த மதிப்பு ஈஓஎஃப் அல்லவா என்று பார்க்கும் வரியைச் சுட்டி, இந்த ஒப்பீடு எப்போதும் மெய்யாகவே இருக்கும் என்று அது சொல்லிவிடும். எங்கள் தொகுப்புக் கோப்பிலும் அந்த எச்சரிக்கைகள் இருந்தன. "இரைச்சல் அதிகம்" என்ற குறிப்போடு யாரோ அவற்றை அணைத்திருக்கிறார்கள். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் எழுதிய சி நூலே, ஈஓஎஃப்பும் அடங்க வேண்டும் என்பதால் இந்த மாறி 'இன்ட்' ஆக இருக்க வேண்டும் என்று காரணத்தோடு விளக்கியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே குழியில் விழுகிறோம் என்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

'சார்' என்பதை 'இன்ட்' என்று மாற்றினேன். வெற்று உள்ளீட்டைக் கொடுத்தால் இன்டர்பிரட்டர் 2 நொடிக்குள் வெளியேறுகிறதா என்று ஏஆர்எம் கணினியில் பார்க்கும் ஒரு சோதனையையும் சேர்த்து அனுப்பினேன். இன்று காலை மதிப்பாய்வில் வந்த ஒரே கருத்து: "ஒரு சொல் மாற்றத்துக்குச் சோதனை எதற்கு? நீக்கிவிடுங்கள்."

நீக்க மாட்டேன். அறிக்கையை நான்காம் முறையாகத் திறந்து, அந்தச் சோதனையை அதோடு இணைத்து, அணைக்கப்பட்ட எச்சரிக்கைகளையும் மீண்டும் இயக்கிவிட்டேன். மூட நினைப்பவர் முதலில் ஒரு ராஸ்பெரி பையில் கண்ட்ரோல் டி அழுத்திவிட்டு வரட்டும்.