வெல்டர் இறங்கிப் போன பிறகு

கட்டுமான இடத்தில் தீ விபத்து என்றாலே எல்லோரும் தீயணைப்பு சிலிண்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சைட்டில் சிலிண்டருக்குப் பஞ்சமே இல்லை. அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்தால் போதும், துடைத்த சிலிண்டர்கள் வரிசையில் வந்து நின்றுவிடும். பொருள் வாங்க நம் ஒப்பந்ததாரர்கள் தயங்குவதில்லை. ஓர் ஆளைச் சும்மா நிற்கவைத்துக் கூலி கொடுப்பதற்குத்தான் அவர்களுக்கு மனம் வருவதில்லை. என் சண்டை அதைப் பற்றியது.

கேஸ் சுடரால் இரும்பை அறுக்கும் ‘கேஸ் கட்டிங்’ நடக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். பீமை அறுக்கும்போது பொறி பறப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உருகிய இரும்பு குண்டுமணி அளவில் சொட்டுவதை யாரும் கவனிப்பதில்லை. தளத்தில் விழுந்தும் அது அணையாது, உருண்டு ஓடும். குழாய்க்காக விட்ட துளையில் இறங்கி இரண்டு தளம் கீழே போய்விட்டால், அறுக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. அங்கே காலி சிமெண்டுப் பைகளும் தெர்மாகோல் துண்டுகளும் மரத்தூளும் குவிந்து கிடக்கும். உடனே பற்றாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அதற்குள் வேலை நேரம் முடிந்து, வெல்டர் கையுறையைக் கழற்றிவிட்டு இறங்கிப் போயிருப்பார்.

அதனால்தான் வேலை முடிந்த பிறகும் ஒருவர் அங்கேயே நின்று கண்காணிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வெல்டிங், கட்டிங் வேலைகளுக்கு வகுத்த 51பி தரக்குறிப்பில் இந்தக் காவல் முன்பு அரை மணி நேரமாக இருந்தது; 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக்கினார்கள். நம் சைட்டுகளிலும் வெல்டிங், கட்டிங் போன்ற தீப்பொறி வேலைக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டான ஹாட் ஒர்க் பெர்மிட்டில் ‘ஃபயர் வாட்ச்சர்’ (தீக் காவலாள்) என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் அந்த வெல்டரின் உதவியாளர் பெயரே இருக்கும். அவர் மேலே கேஸ் சிலிண்டர் வால்வைத் திருகுவாரா, கீழே போய்ப் புகையைப் பார்ப்பாரா?

தென்கொரியாவின் இச்சோன் நகரை நினைத்துப் பாருங்கள். 2008 ஜனவரியில் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்து 40 பேர் இறந்தார்கள். 2020 ஏப்ரல் 29 அன்று அதே நகரில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கிடங்கில் மறுபடியும் தீ. 38 பேர் போனார்கள். நிலத்தடித் தளத்தில் நடந்த வெல்டிங்கின் பொறி, குளிர் வெளியேறாமல் இருக்கச் சுவரில் பூசும் யூரித்தேன் நுரையில் பற்றியிருக்கிறது. வேலையைச் சீக்கிரம் முடிக்க அன்று வழக்கத்தைவிட இருமடங்கு ஆட்களை இறக்கியிருந்தார்கள், காவலுக்கு நிற்க வேண்டியவர் இடத்தில் இல்லை, தப்பிக்கும் வழியொன்றை அடைத்திருந்தார்கள் என்றது காவல்துறை விசாரணை. ‘வளர்ந்த நாட்டிலெல்லாம் இப்படி நடக்காது’ என்று பெருமூச்சு விடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவசரமும் சிக்கனமும் எங்கும் ஒன்றுதான்.

தீ பற்றிய பிறகும் இதே சிக்கனம்தான் ஆளைக் கொல்கிறது. உள்ளே எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குப் பல சைட்டுகளில் பதிலே கிடையாது. டைல்ஸ் ஆட்கள் ஒரு மேஸ்திரியிடம், பெயிண்டர்கள் இன்னொருவரிடம், ஏசி குழாய்க்காரர்கள் வேறொரு உள்ஒப்பந்தத்தில். வருகைப் பதிவேடு என்பது சனிக்கிழமை சம்பளத்துக்காக எழுதும் நோட்டு. 2021 ஜனவரி 21 அன்று புனேயில் தடுப்பூசி தயாரிக்கும் சீரம் நிறுவன வளாகத்தில், கட்டுமானத்தில் இருந்த கட்டடம் எரிந்தபோது முதலில் வந்த செய்தி உயிர்ச்சேதம் இல்லை என்பதுதான். பிறகு உள்ளே ஐந்து தொழிலாளர்களின் உடல்கள் கிடைத்தன. வாசலில் ஒருவர் உட்கார்ந்து, நுழைகிறவர் பெயரையும் வெளியேறுகிறவர் பெயரையும் எழுதுவதற்கு என்ன பெரிய தொழில்நுட்பம் வேண்டும்?

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தளத்துக்குத் தளம் தண்ணீர் டிரம்மும் வாளியும், மேலே ஏற ஏற நீளும் தண்ணீர்க் குழாயும் கேட்கிறது. கேட்பது சரிதான். ஆனால் கட்டும்போது, தீயில் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு இணைப்பு இராது, படிக்கட்டுக்குக் கதவு இராது, லிப்ட் குழி அடியிலிருந்து உச்சிவரை திறந்தே இருக்கும். புகை ஏற அதைவிட நல்ல வழி வேண்டாம். தீயணைப்பு வண்டிக்கு 101-ஐ அழைத்தால் முகவரி கேட்பார்கள். புது சைட்டுக்குக் கதவு எண் ஏது? சர்வே எண்ணைச் சொன்னால் ஓட்டுநருக்கு என்ன புரியும்? வண்டி எப்படியோ வந்துவிட்டாலும், கேட்டுக்கு நேரே ஜல்லி கொட்டியிருக்கும்.

‘இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது?’ என்று ஒப்பந்ததாரர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. குறைந்த விலைக்குக் கேட்டவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டு, காவல் ஆளின் கூலியையும் அவர் லாபத்திலிருந்தே எடுக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஆள்தான். டெண்டரிலேயே கம்பிக்கும் சிமெண்டுக்கும் இருப்பதுபோல ஃபயர் வாட்ச்சருக்கும் வாசல் பதிவாளருக்கும் தனி ஐட்டம் போடுங்கள், இத்தனை ஆள், இத்தனை மணி நேரம் என்று. ஆள் நின்ற நாளுக்கு மட்டும் பில் பாஸ் செய்யுங்கள். நிற்காத நாளில் கட்டிங் பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.