கல்லு நகருறது மர்மமில்ல அண்ணன்

காரில டென்ட ஏத்திக்கொண்டு அமெரிக்காவில டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ எண்டு பாலைவனப் பூங்காவெல்லாம் சுத்தின உங்கட படங்கள இரவு முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தன், டெத் வேலி பேட்வாட்டர்ல கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழ நிண்டு எடுத்த அந்த உப்புத் தரை என்ன வடிவு! ஆனா அங்கயே இருக்கிற ரேஸ்ட்ராக் பிளாயா எண்ட வத்தின ஏரித் தரையில கல்லு தானா நகருறது இன்னும் மர்மம் எண்டு கட்டுரையில எழுதியிருக்கிறீங்க, அது 2014லயே வெளிச்சத்துக்கு வந்திட்டு. மாரியில மழைத்தண்ணி தேங்கி இரவில மெல்லிசா உறைஞ்சு, காலம வெயில் பட அந்த ஐஸ் உடைஞ்சு, லேசான காத்துக்கே தகடு தகடா நகர்ந்து கல்லத் தள்ளிக்கொண்டு போகும், கீழ சேறு ஈரமா இருக்கிறதால கோடு அப்பிடியே விழுந்திடும். அதான் ஈரமா கிடக்கக்குள்ள அதில மனுசர் கால் வைக்கவே கூடாது, மிதிச்ச தடம் வருசக்கணக்கில அழியாது, இத தயவுசெய்து கட்டுரையில சேருங்க.

நான் மட்டக்களப்பு, படம் எடுக்கப் போறது பொத்துவில் மணல்மேட்டுக்கு. வெள்ளாப்புல போனாத்தான் சரி, சூரியன் கடலால எழும்பி வரக்குள்ள சரிஞ்ச வெளிச்சத்தில மணல்ல ஒவ்வொரு வரியும் நிழலோட தெரியும், வெயில் ஏறினா எல்லாம் தட்டையாப் போயிடும். கச்சான் காத்து, அதான் தென்மேற்கால வாற காஞ்ச காத்து, தொடங்கினா லென்ஸ் மாத்தவே ஏலாது, நுணுக்க மணல் கெமராக்குள்ள போயிடும், அந்தப் பாலைவனக் காத்துக்க நீங்க எப்பிடிச் சமாளிச்சீங்க? ஜோஷுவா ட்ரீ பால்வீதிப் படத்துக்கு ஷட்டர் எத்தின செக்கன் எண்டும் போடுங்க.