ஒட்ட விட்டால்தானே ஒட்டுவார்கள்

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழா வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்த பிறகு, "நீங்கள்லாம் அப்புறமா பார்சல் வாங்கிக்கிடுங்க" என்று வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ஒரு மனுஷனை எழுப்பி விட்டது யார் என்று ஊருக்கே தெரியும். என் எரிச்சல் அதற்குக் கீழே வந்த கமெண்டுகள் மேல்தான். ரிட்டயர்டு வாத்தியார்கள் உட்பட ஒரே பாட்டு: "இந்த வடக்கனுங்க நம்மளோட ஒட்டவே மாட்டானுங்க."

ஒட்ட விட்டால்தானே அண்ணாச்சி ஒட்டுவார்கள்?

அந்த மனுஷன் பீகார்க்காரர். கொத்து வேலை. கொடைக்கு வரி பிரித்த நோட்டில் அவர் பேருக்கு நேராக 500 ரூபாய் என்று இருக்கிறது, நானே பார்த்தேன். பேரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள், அது போகட்டும். வரி வாங்கும்போது வடக்கன் என்று தெரியவில்லை, இலை போட்டதும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நடுராத்திரிப் பூஜையான சாமக்கொடையில் அவர் சம்சாரம் நம் பெண்களுக்கு நடுவில் நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பிசிறடித்தது, ஆனால் போட்டாள். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்று குலவை வரும்? இதற்கு மேல் எப்படி ஒட்டச் சொல்கிறீர்கள், பெவிகால் தடவிக்கொண்டு வரணுமா?

"தமிழ்நாட்டுக்கு வந்தால் தமிழ் கற்கணும்" என்கிறார்கள். கற்கணும்தான், நானும் அதைத்தான் சொல்கிறேன். எங்கே கற்பது? அவர்கள் பிள்ளைகளுக்காக 2024-25இல் அரசுப் பள்ளிகளில் 'தமிழ் மொழி கற்போம்' என்று ஒரு திட்டம் வந்தது. நல்ல காரியம். அந்தக் கொத்தனார் மகளை ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்தேன். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மைக்கு நேத்துலேருந்து வயித்தால போவுது டாக்டர்" என்கிறது. அந்த டாக்டரம்மாவுக்கே சிரிப்பு. பிள்ளைக்கு வழி கிடைத்தது, தமிழ் மட்டுமல்ல, திருநெல்வேலித் தமிழே வந்துவிட்டது. அப்பனுக்கு என்ன வழி? கேரளாவில் எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்று 2017இல் பெரும்பாவூரில் வகுப்பு தொடங்கியது, வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா, ரொம்ப தூரம் ஒன்றும் இல்லை.

1979இலேயே வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் லைசென்ஸ், பயணப்படி, தங்க இடம், மருத்துவம் எல்லாம் அதில் இருந்தது. போகிற ஊர் மொழியைச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு வரி கிடையாது. ரெண்டு கை வந்தால் போதும், வாய் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

உடனே ஒருத்தர் வருவார், "இந்தித் திணிப்புக்கு வக்காலத்தா?" என்று. அய்யா, நிறுத்துங்கள். டிக்கெட் கவுன்டரிலும் பேங்கிலும் தமிழ் தெரியாத ஆளை உட்கார வைத்து, நம்ம கிழவியை ஃபாரத்தோடு திண்டாட விடுவது ஒன்று. அதை எதிர்த்து எழுதியவன்தான் நான், பழைய பதிவுகளைப் போய்ப் பாருங்கள். வெயிலில் சாரத்தில் நிற்கிறவனுக்குத் தமிழ் தெரியவில்லை என்பது வேறு. கவுன்டரில் இருப்பவரிடம் "சார், சார்" என்று குழைந்துவிட்டு, அந்தக் கோபத்தை எல்லாம் கொத்தனாரிடம் காட்டுவதற்குப் பேர் மொழிப்பற்றா?

"நம்ம பையன்களுக்கு வேலை போகுது, கூலி குறையுது." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது நம்ம ஊர் மேஸ்திரியும் முதலாளியும்தானே? அவர்களுக்குக் கொடையில் முதல் மரியாதை, மாலை எல்லாம் ஆகிறது.

என் பெரியப்பா அறுபதுகளில் தாராவிக்குப் போனவர். நம்ம ஜில்லாக்காரர்களால் நிறைந்த இடம், உங்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. 1966இல் சிவசேனை வந்தது. லுங்கிக்காரனை விரட்டு என்று தெருத் தெருவாகக் கோஷம். பெரியப்பா வேலைக்குப் போகும்போது பேன்ட் போட்டுக்கொண்டு, வேட்டியை டிபன் பைக்குள் மடித்து வைத்துக்கொள்வாராம். ரயிலில் தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். பிற்பாடு மராத்தி அப்படிப் பேசுவார், காய்கறிக்காரியிடம் அவர் பேரம் பேசுவதைக் கேட்டால் ஊர்க்காரன் என்றே நினைப்பார்கள். ஆனாலும் சாகிற வரைக்கும் அங்கே அவர் 'மதராஸி'தான். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் முகம் சுருங்கிவிடும். அவர் பட்டதை நாம் இங்கே அப்படியே இன்னொருத்தனுக்குச் செய்கிறோம், அதுவும் சாமி பந்தியில்.

2023 மார்ச்சில், வடக்கேயிருந்து வந்தவர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, தொழிலாளிகள் பயந்து ரயிலேறினபோது, அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் நம்ம காவல்கிணற்றில் ஒரு கையுறை ஆலைக்கே வந்து அவர்களிடம் பேசிவிட்டுப் போனார். அப்போது "தமிழன் அப்படிச் செய்யமாட்டான்" என்று பக்கம் பக்கமாக எழுதினவர்கள் எங்கே? நானும் எழுதினேன். இப்போது எந்த முகத்தோடு எழுத?

அப்புறம், கலாசாரம் கெட்டுப்போகுதாம். ராஜஸ்தானத்துக் குடும்பம் கிண்டின அல்வாவை நம்ம ஊர் அடையாளம் என்று வெளியூருக்குப் பார்சல் கட்டுகிறோம். வீரவநல்லூரில் சௌராஷ்டிரக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்கிறார்கள். எதுவும் கெடவில்லை. கெடுகிறது என்றால், பள்ளிக்கூடத்துப் பையன் கையில் சாதிக்கு ஒரு கலரில் கட்டுகிற கயிறைப் பாருங்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் அதைத் தடை செய்யச் சொன்னபோது குதித்தவர்கள்தான் இன்று ஒற்றுமை பேசுகிறார்கள். நாமே தெருவுக்குத் தெரு ஒட்டாமல் கிடக்கிறோம், இதில் பீகார்க்காரன் ஒட்டவில்லையாம்.

"அவ்வளவு பாசம் இருந்தால் உன் வீட்டில் வச்சுக்கோ" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். வைத்திருக்கிறேன். மாடி போர்ஷனில் ஒடிசாக்காரக் குடும்பம்தான் இருக்கிறது. வாடகையும் கரண்ட் பில்லும் தேதி தவறாமல் கைக்கு வருகிறது. அதே வீட்டில் அவர்களுக்கு முன்னால் இருந்தது நம்ம ஊர்க்காரர், அட்வான்ஸுக்கு மேலேயும் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு காலி பண்ணினவர். அந்தக் கமெண்டுக்கு முதல் லைக் அவருடையதுதான். அண்ணாச்சி, பாக்கியை ஜீபேயில் போட்டுவிடுங்கள், நம்பர் மாறவில்லை.