கர்ணன் தன் பிறப்பை அறியாமலா போரிட்டான்?

"குந்தியே தன் தாய் என்பது கர்ணனுக்குச் சாகும் தருவாயில்தான் தெரிந்தது, முன்பே தெரிந்திருந்தால் பாண்டவர் பக்கம் போயிருப்பான்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு. வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில், தூது முறிந்து திரும்பும் கண்ணன் அவனைத் தேரில் ஏற்றிக்கொண்டு பிறப்பைச் சொல்லி, அரசையும் அளிக்க முன்வர, தன்னைக் கண்டதும் வளர்ப்புத் தாய் ராதைக்குப் பால் சுரந்த அன்பை நினைவுகூர்ந்து அவன் மறுக்கிறான். பின்னர் கங்கைக் கரையில், அவன் வழிபாடு முடியும்வரை வெயில் தாளாமல் அவனது மேலாடையின் நிழலில் காத்து நின்ற குந்தியிடம், அர்ஜுனன் நீங்கலாக மற்ற நால்வரையும் கொல்வதில்லை என்று வாக்களிக்கிறான். தெரிந்தே எடுத்த முடிவு என்பதால்தான் அவன் துயரம் அவ்வளவு கனமானது. அறியாதிருந்தவர்கள் பாண்டவர்களே, ஸ்திரீ பருவத்தில், நீர்க்கடன் செலுத்தும் வேளையில்தான் குந்தி அவர்களிடம் உண்மையைச் சொல்கிறாள். இவ்விரு பருவங்களையும் தமிழ் மொழிபெயர்ப்பிலேயே படித்துச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.