இரட்டைக் கிடேரி பற்றிய வாட்ஸ்அப் செய்தி தவறானது

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிக் கன்று பிற்காலத்தில் இரட்டைக் கன்றுகளையே ஈனும் என்றும், பாற்பண்ணைக் கூட்டுறவுச் சங்கங்களின் இனவிருத்தித் திட்டத்துக்கு அதையே முதலில் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு செய்தி நுவரெலியா, அட்டன் பகுதிகளில் பகிரப்பட்டு வருகிறது. உண்மை இதற்கு நேர்மாறானது.

அத்தகைய கிடேரிகளில் நூற்றுக்குத் 90க்கும் மேற்பட்டவை மலடாகவே இருக்கும். கருப்பையில் இரு கன்றுகளின் நச்சுக்கொடி இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், ஆண் கருவின் ஹோர்மோன்கள் பெண் கருவைச் சென்றடைந்து அதன் கருப்பையையும் சூலகங்களையும் முறையாக வளரவிடுவதில்லை. கன்று வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், கொழுத்தும் வளரும். குறை தெரிவதற்குள் ஓரிரு வருடத் தீவனச் செலவு வீணாகிவிடும் என்பதுதான் சிறு பண்ணையாளருக்கு உண்மையான நட்டம். இரண்டும் கிடேரிகளாகப் பிறந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

கன்றின் பிறப்புறுப்புப் பாதையின் நீளத்தை அளந்தோ இரத்தத்தைப் பரிசோதித்தோ இதனைக் கண்டறியலாம். பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இனவிருத்திக்குக் கிடேரியைத் தெரிவுசெய்யும்போது தாய்ப்பசுவின் பாற்பதிவு, கன்றின் வளர்ச்சி, கால்களின் உறுதி ஆகியவற்றையே பார்க்க வேண்டும். அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.