இதய நோயாளிகளிடம் யாரும் கேட்காத இரண்டு கேள்விகள்

ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் முடிந்தோ வீட்டுக்கு வந்தவரிடம் நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். அதுவும் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விதான் என்பது என் கட்சி.

கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்தது. கடுமையான மனச்சோர்வு இருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. இதயம் எவ்வளவு பழுதானது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த மடங்கு குறைந்தாலும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடவில்லை. மாரடைப்பு வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சோர்வு வருகிறது.

சோர்வில் ரத்தத் தட்டணுக்கள் சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி கூடுகிறது என்கிறார்கள். சரி. ஆனால் வீட்டில் கண்ணுக்குத் தெரிவது வேறு. என் பெரியப்பாவின் மாத்திரை டப்பாவில் வியாழக்கிழமை அறை சனிக்கிழமையும் நிரம்பியே இருந்தது. கேட்டால், "எதுக்கும்மா?" என்பார், அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை இஷ்டத்துக்கு விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். செக்கப்பில் பிரஷர், இசிஜி, கொழுப்பு எல்லாம் பார்த்து "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்களோ, "நெஞ்சுல கை வச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

இங்கேதான் சிக்கல். அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் இதய நோயிலும் வரும், மனச்சோர்விலும் வரும். அதனால்தான் அந்த இரண்டு கேள்விகள் வேண்டும்: கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? ஒரு நிமிட வேலை. 'ஆமாம்' என்றால் அடுத்து ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம். அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே இதைப் பரிந்துரைத்துவிட்டது.

சிகிச்சை தந்தால் ஆயுள் கூடுமா? உறுதியாகச் சொல்ல முடியாது. 2003-ல் சுமார் 2,500 பேரிடம் நடந்த ஆய்வில், மனநல சிகிச்சை சோர்வைக் குறைத்தது, ஆனால் மரணத்தையோ மறுமாரடைப்பையோ குறைக்கவில்லை. 2018-ல் கொரியாவில் 300 பேரிடம் நடந்த ஆய்வில், எசிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தவர்களுக்கு அடுத்த எட்டு ஆண்டுகளில் இதயப் பாதிப்புகள் குறைந்தன. இப்படி உறுதி இல்லாததை வைத்து "அப்போ எதுக்குக் கேட்கணும்?" என்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. வலி மாத்திரை ஆயுளைக் கூட்டாது என்று யாராவது வலியோடு கிடக்கச் சொல்வோமா?

மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை இதய நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது என்று 2002-லேயே ஆய்வு வந்துவிட்டது. டிரைசைக்ளிக் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் அப்படியல்ல, இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும். செர்ட்ராலின் போன்றவற்றை ஆஸ்பிரினோடு எடுத்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆகவே டாக்டர் சொல்லாமல் எதையும் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று பேசினால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அடுத்த செக்கப்புக்குக் கூடப் போகிறவர்கள், "கொஞ்சம் டல்லா இருக்கார்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். "மாத்திரை வேண்டாம்னு சொல்றார், எதிலும் பிடிப்பே இல்லை, எத்தனையோ நாளாக இப்படித்தான்" என்று அவர் முன்னாலேயே, அவர் சம்மதத்தோடு, டாக்டரிடம் சொல்லுங்கள்.