17-ம் நம்பர் டோக்கன்

(மதுரை, தெற்குச் சித்திரை வீதி. சாயங்காலம். கோயிலுக்கு வெளியே செருப்பு வைக்கும் இடம். டோக்கன் பலகைக்குப் பின்னால் சுப்பையா. பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு பாண்டியம்மா.)

பாண்டியம்மா: அண்ணே, என் செருப்பைப் பத்திரமா வையி. வாரு அந்துபோயி ஊக்குக் குத்தியிருக்கேன்.

சுப்பையா: அதை எவன் தாயி தூக்கப் போறான்? 17-ல போட்டுட்டேன்.

பாண்டியம்மா: ஆத்தீ! 17-ல இப்பத்தான ஒரு சாரு பளபளன்னு ஷூவை விட்டுட்டுப் போனாரு? "தனியா வைங்க, கண்ட செருப்போட ஒட்டக் கூடாது"ன்னு அம்புட்டுத் தடவை சொன்னாரே.

சுப்பையா: அதனாலதான் 17. மக குரூப் 4-க்குப் படிக்குது. ராத்திரி பூராம் சத்தம் போட்டுப் படிக்கிறதுல எனக்கும் பாதி மனப்பாடம். அரசியல் சட்டத்துல 17-ன்னா தீண்டாமை ஒழிப்பு. மனுசனுக்கே ஒழிச்சாச்சு, செருப்புக்கு எங்கிட்டிருந்து வரும்?

பாண்டியம்மா: அந்தாளு திரும்பி வரும்போது இதையே சொல்லு, நான் வேடிக்கை பாக்குறேன். ஆனா ஒண்ணுண்ணே. அம்மன் முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான். உன் சட்டத்துக்கு முந்தியே சாமி குடுத்தது அது.

சுப்பையா: குடுத்துச்சா? மீனாட்சி எத்தனை நூறு வருசமா இங்கன இருக்கா. நம்ம பாட்டன்மாரு எப்ப உள்ள போனாங்க? 1939 ஜூலை 8. அதுவரைக்கும் வெளிய நின்னு கோபுரத்துக்குத்தான் கும்பிடு.

பாண்டியம்மா: அன்னைக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? வைத்தியநாத ஐயரு. அவரு சாமி கும்பிடுறவரா இல்லையா?

சுப்பையா: வக்கீலு.

பாண்டியம்மா: சாமி கும்பிடுற வக்கீலு! கூடப் போனாரே கக்கன், பின்னாடி மந்திரியானவரு, அவரெல்லாம் உள்ள எதுக்குப் போனாரு? தூணு எண்ணவா? கும்பிடணும்னு இருந்துச்சு, போனாங்க. பசியில்லாதவன் பந்தியில எடம் கேப்பானா?

சுப்பையா: பந்தியில உக்கார விடாம எந்திரிக்கச் சொன்னது யாரு? அதுவும் சாமி பேரைச் சொல்லித்தான். இவங்க உள்ள போனதும் சில பேரு, "மீனாட்சி கோயிலை விட்டே போயிட்டா"ன்னு தனியா ஒரு எடத்துல பூசை போட்டாங்க, தெரியுமா?

பாண்டியம்மா: (சிரித்து) அவ எதுக்குண்ணே போகணும்? வீடே அவ பேருல இருக்கு. சொக்கரே வீட்டோட மாப்பிள்ளை!

சுப்பையா: சிரிக்காத. ராஜாஜி அவசரச் சட்டம் போடலைன்னா, கதவைத் தொறந்து விட்ட அதிகாரிங்க மேலேயே கேஸு போட்டிருப்பாங்க.

பாண்டியம்மா: அந்தச் சட்டம் எப்ப வந்துச்சு?

சுப்பையா: (தலையைச் சொறிந்து) அவங்க உள்ள போன பெறகு.

பாண்டியம்மா: அப்படிச் சொல்லு. எனக்குப் பெறந்த ஊரு கமுதி. அங்கயும் 1897-ல நாடாருங்க கோயிலுக்குள்ள போயிட்டாங்கன்னு கேஸு. லண்டன் வரைக்கும் போச்சு. உன் கோர்ட்டு என்ன சொல்லுச்சு?

சுப்பையா: (சத்தம் குறைந்து) 1908-ல... பிரிவி கவுன்சிலு... உரிமை இல்லைன்னுருச்சு. வழக்கம் அப்படியாம்.

பாண்டியம்மா: பாத்தியா, கடலுக்கு அங்கிட்டு இருக்கிறவனுக்குக் கமுதி வழக்கம் தெரிஞ்சிருக்கு!

சுப்பையா: அது வெள்ளைக்காரன் கோர்ட்டு, விடு. ஐ.நா. சபையைப் பாரு. 1948 டிசம்பர் 10, மனித உரிமைப் பிரகடனம். அதுல கடவுள் பேரே கெடையாது. சேக்கணும்னு கேட்டுப் பாத்தாங்க, கடைசியில வேணாம்னு விட்டுட்டாங்க.

பாண்டியம்மா: ஏனாம்?

சுப்பையா: எந்தச் சாமியைப் போடுறது? நம்ம தெருவுல பத்திரிகையில எந்தத் தாய்மாமன் பேரை முதல்ல அடிக்கிறதுன்னே வெட்டுக்குத்தாகுது. யாரு பேரும் போடலைன்னா எல்லாரும் வந்து மொய் வைப்பாங்கள்ல?

பாண்டியம்மா: வச்சாங்களா?

சுப்பையா: 48 நாடு வச்சுச்சு. 8 நாடு வேணும்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. சவுதிக்கு 18-ம் நம்பர் பிடிக்கலை. மதம் மாறிக்கிடலாம்னு இருக்கு அதுல.

பாண்டியம்மா: பந்திக்கு வந்துட்டு இலையைத் தொடாம உக்காந்திருக்கிறது.

சுப்பையா: அதை விடு. முதல் வரியிலயே ஆம்பளைங்கன்னு அர்த்தம் வர்ற மாதிரிதான் எழுதியிருந்தாங்களாம். நம்ம இந்தியா சார்பாப் போன ஹன்சா மேத்தாம்மாதான் மனுசப் பெறவி எல்லாம்னு மாத்த வச்சுச்சு.

பாண்டியம்மா: சாமியைக் கழட்டுனதோட பொம்பளையையும் கழட்டப் பாத்திருக்காங்களே! சரி, இதைச் சொல்லு. முப்பது வருசமா நான் கட்டுற பூ அம்மன் கழுத்து வரைக்கும் போகுது. நான் போக முடியலை. இது உன் சட்டத்துல எத்தனாம் நம்பரு?

சுப்பையா: அது... சாமி கும்பிடுறது ஒவ்வொருத்தர் உரிமைன்னு 25 சொல்லுது, மத காரியத்தை அந்தந்த மதத்துக்காரங்களே பாத்துக்கிடலாம்னு 26 சொல்லுது. மகளைத்தான் கேக்கணும். 2023-ல மூணு பொண்ணுங்க அர்ச்சகர் பயிற்சி முடிச்சிருக்குங்க.

பாண்டியம்மா: அம்மனுக்கும் அது சந்தோசமாத்தான் இருக்கும். பொம்பளை மனசு பொம்பளைக்குத்தான் தெரியும். அவ புடவை கட்டுற விசயத்துல ஆம்பளைங்க... (நிறுத்தி) அண்ணே, 17 வருது.

(நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஷூக்காரர் வருகிறார். டோக்கனை நீட்டுகிறார். சுப்பையா கையைக் காட்டுகிறார். பளபளக்கும் ஷூவின் மேல் நிம்மதியாகப் படுத்திருக்கிறது தேய்ந்த ஹவாய் செருப்பு. அவர் முகம் மாறுகிறது.)

சுப்பையா: சார், அது வந்து... 17-ல தனியா வைக்கச் சட்டத்துல எடமில்ல சார்.

பாண்டியம்மா: குங்குமம் காயிறதுக்குள்ள கோவப்படாதீக சாமி. அது என் செருப்புதான்.

(அவர் ஹவாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறார்.)

பாண்டியம்மா: ஐயோ, பாத்து சாமி, ஊக்கு!

(ஒரு கத்தல். "அம்மா!")

சுப்பையா: கேட்டியா, உங்க அம்மனைத்தான் கூப்பிடுறாரு.

பாண்டியம்மா: அடுத்து உன் சட்டத்தைத்தான் கூப்பிடுவாரு. வெரசா அந்த 17-ம் நம்பர் டோக்கனை வாங்கி உள்ள வையிண்ணே.